‘வா’ என்றால் நிற்கும் குதிரை

“…கயித்தக் கையில குடுத்துட்டு, ‘இவளக் கூட்டிக்கிட்டு அந்தக் கேட்டத் தாண்டிப் போங்க’ன்னா, நான் குதிரையக் கூட்டிக்கிட்டு எங்கீங்கக்கா போறது?”

சரசு இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் உச்சந்தலை மேல்கம்பியில் இடித்தது. மடியிலிருந்த கொள்ளுப் பை அவிழ்ந்து, அந்தியூரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்ததில் பாதி டில்லி ரோட்டுக்குப் போயிற்று. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த நிலா அதைத் தமிழாக்கினாள்: “டென்ஷன் வேண்டாமாம் பெரியம்மா. புறா எல்லாரும் சாப்ட்டுட்டு உங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணுவாங்களாம்.”

சரசு என் தங்கை. நிலா அவள் மகள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் தமிழில் புறாவும் மரியாதையோடு சாப்பிடும், பஸ் ஆம்பிளையாக வரும். “பெரியம்மா, பஸ் வந்துட்டான்” என்பாள். எனக்கு அந்தத் தமிழ் பிடிக்கும். நானும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். அந்தியூரில் தையல் கடை. மிச்சப் படிப்பையெல்லாம் ரவிக்கை தைக்க வருகிறவர்களின் வாயிலிருந்துதான் படித்தேன்.

ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்திருக்கும் அக்காவிடம் “சாப்புட்டீங்களா?” என்று கேட்காமல் குதிரையைப் பற்றிக் கேட்கிறாள் என்றால், எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. நான் வந்ததே அந்தக் குதிரைக்காகத்தான். குதிரைக்காக என்பதைவிட ஒரு கேட்டுக்காக என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சரசுவின் வீட்டுக்காரர் சேகர், லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு ஆபீசில் வேலை பார்த்தார். போன ஆடியில் ஒருநாள் காலையில் வழக்கம்போல ஸ்கூட்டரில் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. “முன் கேட்டுல உள்ள போனவரு, அந்தக் கேட்டு வழியா வெளிய வரவே இல்லீங்கக்கா” என்று அன்றைக்குச் சொன்னவள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது அதே ஆபீசில், கருணை அடிப்படையில், அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாகிவிட்டது; இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சேராவிட்டால் வேலை போகும், ஆர்.கே.புரத்து குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும், நிலாவின் படிப்பு நடுவில் நிற்கும். இவளோ பஸ் ஏறி அந்தக் கேட்டு வரைக்கும் போகிறாள், நிற்கிறாள், திரும்பி வந்துவிடுகிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. “அங்க இருக்கற காவல்காரரு ‘எங்கே போகணும்?’னு கேப்பாருங்கக்கா. அதுக்கு எனக்கு வாயில பதில் வரமாட்டீங்குது.”

நிலாவின் கல்லூரியில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார். அவர் சொல்லித்தான் சரசு டில்லியின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒரு பண்ணைக்குப் போனாள். குதிரை, நாய், ஆடு இவற்றைக் கூட வைத்துக்கொண்டு மனசுக்கு ஆலோசனை சொல்லும் இடம். போன வாரம் முதல் தடவை. குதிரை ஓர் அடி நகரவில்லை. “ஆபீஸ் கேட்டுல நான் நிக்கறன்னா, இங்க குதிரையும் நிக்குதுங்கக்கா” என்று போனில் அழுதாள். நான் கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டு ரயிலேறினேன்.

நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. பிப்ரவரி மாதத்து டில்லி வெயில் நல்ல மனுஷன். எங்கள் ஊரில் வெயிலைக் கண்டால் உள்ளே ஓடுவோம். இங்கே ஜனங்கள் வெயில் எங்கே போகிறதோ அங்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். சரசுவின் குவார்ட்டர்சுக்குக் கீழே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் முள்ளங்கியைப் பிளந்து உப்பும் எலுமிச்சையும் தடவி விற்றுக்கொண்டிருந்தார். அவர் கூவியதன் அர்த்தத்தை நிலாவிடம் கேட்டேன். “இதைச் சாப்பிட்டா, கோபமா இருக்கிற மாமியார்கூட சிரிப்பாளாம்.” சரசுவுக்கும் மாமியார் இல்லை, எனக்கும் இல்லை. இருந்தாலும் வாங்கினோம்.

ராத்திரிக்கு நான்தான் சமைத்தேன். ரோட்டுக்குப் போனது போக மிச்சமிருந்த கொள்ளில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மற்றதைப் பருப்பாகக் கடைந்தேன். சேகர் கும்பகோணத்துக்காரர். அவர் ஊரில் கொள்ளு குதிரைக்குத்தான். கல்யாணமான புதிதில் சரசு கொள்ளுப் பருப்பு வைத்தபோது தட்டைப் பார்த்துவிட்டு ஒரு கனைப்புக் கனைத்தாராம். அதிலிருந்து இந்த வீட்டில் கொள்ளு வெந்தால் கனைப்புச் சத்தம் கேட்கும். அன்றைக்குச் சரசு சோற்றில் பருப்பைப் போட்டுப் பிசைந்துவிட்டு, வாயில் வைக்காமல் கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள்.

மறுநாள் பண்ணைக்குக் கிளம்பினோம். மெட்ரோவில் பெண்கள் பெட்டி. நின்றுகொண்டிருந்த ஒரு பெண் போனில் சொன்னதை நிலா என் காதில் போட்டாள்: “நான் தனியா போகலைம்மா, பாதி டில்லி என் மேலதான் சாய்ஞ்சுட்டு வருது.” மெட்ரோவை விட்டு இறங்கிப் பேட்டரி ரிக்‌ஷா பிடித்தோம். அது சுடுகாட்டு அமைதியோடு போய், பாதி வழியில் அதே அமைதியோடு நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். ஓட்டுகிறவர் இறங்கி வண்டியைத் தட்டிக்கொடுத்து, “பாவம், காலையில் இவனுக்குச் சாப்பாடு போடலை” என்றார். யாருக்கும் கோபம் வரவில்லை. மிச்ச தூரத்தைக் கடுகு வயலை ஒட்டி நடந்தே போனோம்.

பண்ணை என்றதும் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். நாலு வேப்ப மரம், ஒரு லாயம், மண் தரை, சுற்றி மரவேலி, அவ்வளவுதான். உள்ளே காலை வைத்ததும் ஓர் ஆடு வந்து என் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது. அதற்குத் தாடி இருப்பதாலும் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவதாலும் ‘வக்கீல் சாப்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். தையல்காரியின் முந்தானையையே பிரித்துப் போட்ட முதல் வக்கீல் அவர்தான்.

வேப்ப மரத்தடியில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்தவராம். ஒரு தெருநாய் அவர் ஷூவின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். சரசு மூலமாக அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “வீட்டுல உட்காரவே மாட்டார். அறைக்கு அறை நடந்துக்கிட்டே இருப்பார், ராத்திரியிலயும்தான். இங்க நாய் எழுந்துடக்கூடாதேன்னு ஒரு மணி நேரம் காலை அசைக்காம இருக்கார். நான் சொல்லி உட்காராத மனுஷன்.” அந்த அம்மாவின் குரலில் பொறாமை இருந்தது, நன்றியும் இருந்தது.

ஆலோசகரின் பெயர் அனிதா. குட்டை முடி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், சத்தமில்லாத பேச்சு. குதிரை மேல் யாரையும் ஏற்றுவதில்லை. தேய்த்துவிடுவது, பக்கத்தில் நிற்பது, கூட நடப்பது, இவ்வளவுதான் வேலை. இதனால் மனசு எப்படிச் சரியாகும் என்று நான் கேட்டேன். அவர் இந்தியில் சொன்னதைச் சரசுவே எனக்குச் சொன்னாள்: “குதிரைக்கு நீங்க யாரு, உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எதுவும் தெரியாதாமா. இப்ப எப்படி மூச்சு விடறீங்க, தோள எப்படி வச்சிருக்கீங்கங்கறது மட்டும் தெரியுமாமா. பயந்த சாதிங்கறதால பக்கத்துல இருக்கறவங்க பயந்தா அதுக்கும் பயம் வந்துருமாமா. நாம அடங்குனா அதுவும் அடங்குமாமா. வாயில பொய் சொல்லலாம், குதிரைகிட்டச் சொல்ல முடியாதுங்கறாங்க.”

குதிரையை உஸ்மான் பாய் கூட்டிவந்தார். வெள்ளைக் குதிரை, வயசான பெண் குதிரை. பேர் பிஜ்லி. பிஜ்லி என்றால் மின்னல். நடையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இந்த ஊரில் மாப்பிள்ளை குதிரை மேல் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போவார். பிஜ்லி அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வயசானதும் பண்ணையில் வாங்கிக்கொண்டார்கள், கூடவே உஸ்மான் பாயும் வந்துவிட்டார். இதைக் கேட்டதும் நீட்டின கையைச் சரசு இழுத்துக்கொண்டாள். “கல்யாணக் குதிரைங்களாமா? அப்ப நான் தொடலாமுங்களா?” என்றாள். என்னிடம்தான் கேட்டாள், தமிழில். 

எங்கள் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பார்த்த பிறகு மயிர்ச்சுழியைப் பார்ப்பார்கள். சில சுழி குடும்பத்துக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். பழக்க தோஷத்தில் நானும் பிஜ்லியின் நெற்றியைப் பார்த்திருந்தேன். பக்கம் பக்கமாக இரண்டு சுழி. எங்கள் ஊரில் சும்மா கொடுத்தாலும் பிடிக்க ஆள் வராது. இந்தக் குதிரையின் நெற்றியையும் பொட்டெடுத்த என் தங்கையின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தேன். “தொடு சாமி. அதுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

நிலா சும்மா இருக்காமல் அம்மாவின் கேள்வியை உஸ்மான் பாயிடம் இந்தியில் சொல்லிவிட்டாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “இவ முதுகுல போன மாப்பிள்ளைங்கள்ல சிலர் இன்னும் எனக்கு போன் பண்றாங்க, ஏன்டா ஏத்திவிட்டேன்னு. நீங்க தாராளமா தொடுங்க பெஹன்ஜி.”

நானும் நிலாவும் வேலிக்கு வெளியே, வக்கீல் சாப் பக்கத்தில் நின்றோம். சரசு பிரஷ்ஷால் குதிரையின் கழுத்தை மெதுவாகத் தேய்த்தாள். “இவள் மனசில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று அனிதா குதிரையைக் காட்டிக் கேட்டார். சரசு தேய்ப்பதை நிறுத்தாமல் பதில் சொன்னாள். நிலா அதை எனக்குச் சொன்னாள்: “பேண்டு சத்தம் திடீர்னு நின்னுபோச்சே, இனிமேல் என்ன பண்றதுன்னு நினைப்பாளாம்.” அனிதா தலையை மட்டும் ஆட்டினார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

அதற்குப் பிறகுதான் நடத்திப் போவது. மைதானத்தின் நடுவில் மரத்தில் ஒரு கேட்டு இருந்தது. திறந்தே கிடந்தது, இரண்டு பக்கமும் வேலிகூட இல்லை, வெறும் கேட்டு. அதைத் தாண்டிக் கூட்டிப் போக வேண்டும். சரசு கயிற்றைப் பிடித்துக் குதிரைக்கு எதிரே நின்றாள். “வா” என்றாள். பிஜ்லி ஓர் அடி வைக்கப் பார்த்தவள், நின்றாள். “வா சாமி, வா. வா வா.” பிஜ்லி நாலு காலையும் ஊன்றி, காதை முன்னால் விட்டு, திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி வேடிக்கை பார்த்தாள். பக்கவாட்டில் நின்று நடக்கச் சொன்னார் அனிதா. சரசு இரண்டடி நடப்பாள்; உடனே திரும்பி முன்னால் வந்து, “வா கண்ணு, வா” என்று கெஞ்சுவாள். கெஞ்சக் கெஞ்சக் குதிரை கல்லாகியது. கடைசியில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

கிளம்பும்போது அனிதா நிலாவிடம் தனியாக ஒன்று சொன்னார். அதை நிலா பேட்டரி ரிக்‌ஷாவில் எங்களுக்குச் சொன்னாள். “அம்மாவுக்கு ரொம்ப நல்ல மனசாம். குதிரை நகராதப்பகூட அதைப் பாராட்டிட்டே இருக்காங்களாம்.”

“நான் எங்கடி பாராட்டுனேன்?” என்றாள் சரசு. “கால்ல விழாத குறையாக் கெஞ்சுனேன்.”



மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ. கல்யாண சீசன், பொழுது சாய்கிற நேரம், முன்னால் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு வாத்தியம், தலையில் விளக்குத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பெண்கள், நடுவில் வெள்ளைக் குதிரை, அதன் மேல் முகத்தைப் பூச்சரம் மூடின மாப்பிள்ளை. ஆட்டோ நகரவில்லை. ஓட்டுகிறவர் இன்ஜினை அணைத்துவிட்டு, “அந்த மனுஷனுக்கு அவசரமில்லை, நமக்கென்ன?” என்று ஒரு பீடி பற்றவைத்தார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் காரில் ஏற்றி, நேரத்துக்கு மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். இங்கே நாலடிக்கு ஒரு தடவை கூட்டம் குதிரைக்கு முன்னால் கூடி ஆடுகிறது. சித்தப்பா ஆடுகிறார், தாய்மாமன் ஆடுகிறார், கோட்டுப் போட்ட ஒரு தாத்தாவை நடுவில் இழுத்துவிடுகிறார்கள். அவர் கையைத் தூக்கினதும் கூட்டம் சபாஷ் போட்டுக் கத்துகிறது: “வாஹ்! வாஹ் வாஹ்!” குதிரை நிற்கிறது. ஆட்டம் ஓய்ந்து, கத்தல் அடங்கி, கூட்டம் விலகினால் குதிரை தானாக நடக்கிறது. பிடிக்கிறவர் கயிற்றைக்கூட இழுக்கவில்லை. மறுபடியும் “வாஹ் வாஹ்.” மறுபடியும் குதிரை நிற்கிறது.

நிலா திடீரென்று என் கையைப் பிடித்தாள். “பெரியம்மா. வாஹ்.”

“என்ன கண்ணு?”

“அம்மா ‘வா வா’ன்னு சொன்னா, பிஜ்லிக்கு அது ‘வாஹ் வாஹ்’. யாரோ முன்னால டான்ஸ் ஆடறாங்கன்னு நினைச்சு நிக்கிறா. பாவம், மாமா சித்தப்பா எல்லாரும் ஆடி முடிக்கட்டும்னு வெயிட் பண்ணிருக்கா.”

 சரசு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் முடியாமல். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. “நான் உசிரக் குடுத்துக் கூப்புட்டா, அது கல்யாண ஊட்டுக்காரின்னு நெனச்சிருக்குதுங்கக்கா” என்று சொல்லிச் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஓட்டுகிறவர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். தமிழ் அரைகுறையாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இரண்டு பாஷையும் ஒரே காதில் விழும் என்று எனக்கு அப்போது தோன்றியது. இனிமேல் அவள் ‘பஸ் வந்துட்டான்’ என்றால் நான் திருத்தப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை பண்ணைக்குப் போகவில்லை. மலை மந்திர் முருகனைப் பார்த்தோம், சோளே பட்டூரே சாப்பிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பட்டூராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பூரிக்கு அண்ணன், ஆனால் அண்ணனுக்குக் கோபம் வந்து உப்பியிருக்கும். ஒன்றைத் தின்று முடித்தபோது எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, “தூக்கம் இலவசம்” என்றார்.

சாயங்காலம் பால்கனியில் இருந்தோம். கீழே ஒருவர் பழைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது இருமி இருமிக் கிளம்பியதும் சரசுவின் கை துணியை மடிப்பதை நிறுத்தியது.

“ஞாயித்துக்கெழமையானா அவரு வண்டியக் கெளப்பி வெச்சுட்டு, கீழ இருந்து ‘போலாமா சரசு?’ம்பாருங்கக்கா. எங்க போறம்னு சொல்லவே மாட்டாரு. எங்கீங்கன்னு கேட்டா, ‘முன்னாலதான்’ம்பாரு. ஒருநாள் கோயிலு, ஒருநாள் சும்மா ஒரு சுத்து. அவ்வளவுதான். நானும் ஏறி உக்காந்துக்குவேன்.” துணியை மறுபடியும் மடித்தாள். “‘வா’ன்னு அவரு கூப்புட்டதே இல்லீங்க. இப்பத்தான் நெனைக்கறேன்.”

சனிக்கிழமை பண்ணையில் நிலா விஷயத்தைச் சொன்னதும் அனிதா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நானும் வாஹ் என்றுதான் கேட்டேன்” என்றார். உஸ்மான் பாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிஜ்லியின் கழுத்தைத் தடவி, “அப்ப இவ தப்புப் பண்ணலை. சரியாத்தான் நின்னிருக்கா” என்றார், பிள்ளையை யாரோ குறை சொன்ன மாதிரி.

சிரித்து முடித்த பிறகு அனிதா சரசுவிடம் சொன்னார்: “வார்த்தை போகட்டும். நீங்கள் எதிரே வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றால், அவளும் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அப்படித்தான். தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடியுங்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். நீங்கள் திரும்பினால் அவள் நின்றுவிடுவாள்.”

சரசு பிஜ்லியின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வலது கையில் கயிறு. நின்றுகொண்டே இருந்தாள். நானும் நிலாவும் மூச்சை அடக்கிக்கொண்டு வேலியைப் பிடித்திருந்தோம். வக்கீல் சாப்கூடச் சும்மா இருந்தார். முதலில் சரசுவின் தோள் இறங்கியது. அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்கவில்லை, பிஜ்லிக்குக் கேட்டிருக்க வேண்டும். அவளும் மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினாள்.

சரசு கேட்டைப் பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

“போலாமா?”

நடந்தாள். பிஜ்லியும் நடந்தாள். கயிறு இரண்டு பேருக்கும் நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டே போயிற்று. கேட்டைத் தாண்டினார்கள். நாங்கள் கை தட்டப் போனோம். உஸ்மான் பாய் உதட்டில் விரல் வைத்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் போக ஒரு இடமும் இல்லை, வெறும் மண் தரைதான். ஆனாலும் சரசு நிற்கவில்லை. வேப்ப மரத்தைச் சுற்றி, ராணுவக்காரரைத் தாண்டி, லாயத்துக்குப் பின்னால் மறைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். ஆனால் அழுகிற முகம் இல்லை அது.

எடுத்துவைத்திருந்த கொள்ளை வேகவைத்துக் கொண்டுபோயிருந்தேன். உஸ்மான் பாய் மோந்து பார்த்து, கொஞ்சம்தான் என்று அனுமதித்தார். விரலை மடக்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். பிஜ்லி உதட்டாலேயே துடைத்து எடுத்துத் தின்றுவிட்டு, தலையை உயர்த்திக் கனைத்தாள். சரசு குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கும்பகோணந்தானுங்க” என்றாள்.

இதெல்லாம் குதிரையோடு. ஆபீஸ் கேட்டு வேறு.  ஞாயிற்றுக்கிழமை சரசு ஒரே புடவையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

திங்கட்கிழமை காலை, நிலா கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்து, “வாஹ் மட்டும் சொல்லாதீங்க” என்றாள். நானும் சரசுவும் பஸ் ஏறினோம். லோதி ரோட்டுக்கு முந்தின சிக்னலில் பஸ் நின்றுவிட்டது. கதவு மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. டிரைவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். பைல் வைத்த ஆபீசர் ஒருவர் கண்டக்டரிடம் சொன்னதைச் சரசு எனக்குத் தமிழில் முணுமுணுத்தாள்: “இன்னைக்கு லீவுன்னு கதவே சொல்லுதுப்பா.” சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கதவு திறந்தது. மிச்சத்தை நடந்தோம்.

மரங்கள் அடர்ந்த ரோடு. சைக்கிளிலும் நடந்தும் ஜனங்கள் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோர் கையிலும் சாப்பாட்டுப் பை. கேட்டு வந்தது. நான் ஏதோ கோட்டை வாசல் மாதிரி நினைத்திருந்தேன். பச்சை பெயிண்ட் அடித்த சாதாரண இரும்புக் கேட்டு. உள்ளே இடது பக்கம் ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகை. சரசுவின் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. கால் நின்றுவிட்டது.

கேட்டுக்கு உள்ளேயிருந்து ஒருவர் வேகமாக வந்தார். சேகருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த வேலூர்க்காரர். இன்றைக்கு வருகிறாள் என்று தெரிந்து காத்திருந்திருக்கிறார். நல்ல மனுஷன். சரசுவுக்கு நேர் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, ஆதரவாகக் கூப்பிட்டார்:

“வாங்கம்மா, வாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. வாங்க, வாங்க.”

சரசு நாலு காலையும் ஊன்றினவள் மாதிரி நின்றாள். எனக்குத் தொண்டை வரைக்கும் ‘வா சாமி’ வந்துவிட்டது; பல்லைக் கடித்து விழுங்கினேன். அப்போதுதான் அவள் உதட்டோரம் துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

“அண்ணா,” என்றாள் வேலூர்க்காரரிடம், “நீங்க முன்னால நிக்காதீங்க. சித்தெ பக்கத்துல வாங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் வந்து நின்றார். கூண்டிலிருந்து காவல்காரர் எட்டிப் பார்த்து இந்தியில் கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது: “எங்கே போகணும்?”

சரசு ஸ்கூட்டர் கொட்டகையிலிருந்து கண்ணை எடுத்தாள். தோளை இறக்கி ஒரு மூச்சு விட்டாள். “முன்னாலதான்” என்று தமிழில் சொல்லிவிட்டு, வேலை ஆர்டரை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பார்த்துத் தலையாட்டினார்.

நடந்தாள். வேலூர்க்காரர் அவள் பக்கத்திலேயே நடந்தார். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. கொட்டகையைத் தாண்டினாள், படியேறினாள், ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை மட்டும், இல்லாத கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி, கொஞ்சம் பின்னால் நீண்டிருந்தது. அப்படியே உள்ளே போனாள்.